ஞானராஜ் அண்ணன் போடாத கையெழுத்து

ஒரு கேள்வி. இறந்துபோன மனிதர் ஒருவர் உங்கள் ஊர்ப் பாலத்துக்கு ஒப்புதல் கொடுத்துவிட்டால், அதை யார் வாபஸ் வாங்குவது?

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. புரட்டாசியில் எனக்கும் என் தோழி ஜெயசீலிக்கும் நான்கு நாட்கள் இந்தக் கேள்விதான் சோறு தண்ணீர். அப்போதே எழுதியிருப்பேன். அவள்தான் தடுத்து வைத்திருந்தாள். போன வாரம் போன் பண்ணி, "ஏட்டி, இப்ப எழுதிக்கோ" என்றாள்.

எழுதுகிறேன்.

ஜெயசீலி பாளையங்கோட்டை ஹாஸ்டலில் என் ரூம்மேட். இப்போது சங்கரன்கோவிலில் கணக்கு டீச்சர். அவள் கணவர் ஞானராஜ், அரசு இன்ஜினியர். எனக்கு அண்ணன் முறை மாதிரி. சாலை, பாலம், தண்ணீர்த் தொட்டி என்று அந்தப் பக்கத்து வேலைகளுக்கெல்லாம் இடத்தைப் போய்ப் பார்த்து, 'தொடங்கலாம்' என்று ஒப்புதல் தருகிறவர். எந்தத் துறை என்று கேட்காதீர்கள்... சொல்ல மாட்டேன்.

பங்குனியில் ஒரு காலை, ஷூ லேஸ் கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. ஐம்பத்து நான்கு வயது.

காலாண்டு விடுமுறையில் அவளுக்குத் துணையாக நான்கைந்து நாள் இருந்துவிட்டு வரலாம் என்று போயிருந்தேன்.

வெள்ளிக்கிழமை. பகல் பதினொரு மணி. நல்ல வெயில். வீட்டுக்குப் பின்தெரு முழுக்க விசைத்தறி. அந்த ஊர்க்காரர்களுக்கு அந்தச் சத்தம் காதிலேயே விழுவதில்லை. என்னைப் போல வெளியூரிலிருந்து போனவர்களுக்கோ, மண்டைக்குள்ளேயே தறி ஓடுகிற மாதிரி இருக்கும். நாங்கள் சமையலறையில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தோம்.

கரண்ட் போனது.

தெருவே மூச்சை நிறுத்திக்கொண்ட மாதிரி ஓர் அமைதி. அந்த அமைதியில், ஃப்ரிட்ஜின் மேல் எதுவோ உறுமியது.

ஒரு செல்போன். அதிர்ந்து அதிர்ந்து ஃப்ரிட்ஜின் ஓரத்தை நோக்கித் தானாக நகர்ந்து வந்துகொண்டிருந்தது. நான் எட்டிப் பிடித்தேன். ஞானராஜ் அண்ணனின் போன். கேஸ் பதிவு, பேங்க், கரண்ட் பில் எல்லாம் அந்த நம்பரில்தான் என்பதால், ஜெயசீலி அதற்குத் தினமும் சார்ஜ் போட்டு வைத்திருந்தாள்.

திரையில் ஒரு குறுஞ்செய்தி.

'திரு. ஞானராஜ் அவர்களுக்கு: ஓடைப் பாலப் பணிக்குத் தாங்கள் அளித்த ஒப்புதல் பதிவு செய்யப்பட்டது. நன்றி.'

நான் இரண்டு முறை படித்தேன். ஜெயசீலி கத்தியைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"என்ன போட்டிருக்கு?"

சொன்னேன். அவள் முகத்தில் ஆச்சரியம் இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

"ரெண்டு வாரமா வருது ஏட்டி. மொதல்ல 'உங்கள் ஒப்புதலுக்கு ஒரு கோப்பு காத்திருக்கிறது, பதினைந்து நாள் உள்ளது'ன்னு வந்துது. அப்புறம் ஏழு நாள். மூணு நாள். நேத்து ஒரு நாள். ஏதோ பழைய மெசேஜ் சுத்தி வருதுன்னு நெனச்சேன்..." என்றவள் நிறுத்தினாள். "என்ன பாலம்னு சொன்ன?"

"ஓடைப் பாலம்."

கத்தி அவள் கையிலிருந்து நழுவி மேடையில் விழுந்தது.

"அது அவுக மாட்டேன்னு சொன்ன பாலம்லா!"

உள்ளே போய் ஒரு பாக்கெட் நோட்டை எடுத்து வந்தாள். அண்ணன் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் நோட்டு. அவர் இறப்பதற்கு முந்தைய நாள் எழுதிய பக்கத்தைத் திறந்தாள். இளையரசனேந்தல் போகிற பக்கம் ஓர் ஓடை. அதன் குறுக்கே பாலம். அதற்குக் கீழே அவருடைய பொடிப்பொடி எழுத்து: 'பம்பு செட்டு சுவரில் வெள்ளக் குறி ஏழடி. வரைபடத்தில் பாலம் ஐந்தடி. பார்த்தேன். சரியில்லை.'

அன்று மாலையே அந்த வரைபடத்தைத் திருப்பி அனுப்பிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாராம். மறுநாள் காலை இல்லை. ஆறு மாதம் கழித்து இப்போது ஒப்புதல் கொடுத்திருக்கிறார்!

"ஆபீஸ்ல யாரோ அவுக பேர்ல கையெழுத்துப் போடுதாங்க" என்றாள் ஜெயசீலி. சேலையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

அலுவலகத்தில் எங்களைப் பார்த்ததும் எல்லாரும் எழுந்து நின்றார்கள். டீச்சர் மீது இருந்த மரியாதை மட்டும் காரணம் இல்லை. முகங்களில் வேறு ஒன்றும் இருந்தது.

அண்ணனுக்குக் கீழே வேலை பார்த்த இளம் இன்ஜினியர் முத்துமாரி, வாசுதேவநல்லூர்ப் பெண். எங்களை அவர் அறைக்கு அழைத்துப் போனாள். ஆறு மாதமாக யாரும் அந்த நாற்காலியில் உட்காரவில்லை. பொறுப்பைக் கூடுதலாகப் பார்க்கும் அதிகாரி வேறு ஊரிலிருந்து, வேறு லாகினில் வேலை செய்கிறார். மேஜை துடைத்து வைத்திருந்தது. கம்ப்யூட்டர் திரையின் மேல் விளிம்பில் மூன்று விரல் அகலத்துக்குத் திருநீறு பூசியிருந்தது.

ஜெயசீலி அதைப் பார்த்தாள். அண்ணன் கிறிஸ்தவர். வேதக்காரரின் கம்ப்யூட்டரில் திருநீறு.

"யாரு பூசுனது?"

"காலையில அந்த மெசேஜ் எங்களுக்கும் வந்துது டீச்சர்" என்றாள் முத்துமாரி மெதுவாக. "அதுக்கப்புறம் யாரோ... நான் கேக்கல. துடைக்கவும் மனசு வரல."

தன் லேப்டாப்பில் கோப்பைத் திறந்து காட்டினாள். வரிசையாகக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் அதிகாரியின் பெயர், போட்டோ, நேரம். ஐந்தாவது கட்டத்தில் ஞானராஜ் அண்ணன், நீலச் சட்டையில். பக்கத்தில் ஒரு பச்சை டிக். நேரம் பதினொன்று இரண்டு. அதற்குக் கீழே 'குறிப்பு' என்ற இடத்தில் இரண்டே வார்த்தைகள்.

'பார்த்தேன். சரி.'

ஜெயசீலி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

ஏன் என்று எனக்கும் தெரியும். வெளியூர் கிளம்பும்போது கேஸை மூடினீர்களா என்று கேட்டால், அண்ணன் சொல்லும் பதில் அது. கதவைப் பூட்டினீர்களா? பார்த்தேன், சரி. பிள்ளையின் கல்யாணப் பத்திரிகையில் எழுத்துப் பிழை? பார்த்தேன், சரி. அதே இரண்டு வார்த்தை... நோட்டில் இருந்த அதே முற்றுப்புள்ளிகள்.

"இது அவுக பேச்சு" என்றாள் ஜெயசீலி. குரல் தேய்ந்திருந்தது. "வேற யாரும் இப்பிடி எழுத மாட்டாங்க."

வெயில் கொளுத்துகிற மத்தியானம்தான். ஜன்னலுக்கு வெளியே பஸ் ஹாரன் கேட்கிறது. ஆனாலும் என் முதுகில் ஜில்லென்று ஒன்று இறங்கியதை நான் மறைக்க விரும்பவில்லை.

முத்துமாரி உதவி எண்ணுக்கு அடித்து ஸ்பீக்கரில் போட்டாள். எங்கோ ஒரு பெருநகரத்திலிருந்து, மிக மரியாதையான ஓர் இளைஞன் குரல்.

"சார் பதினைந்து நாட்களாக மறுப்பு எதுவும் தெரிவிக்கவில்லை, மேடம். அதனால் ஒப்புதல் அளித்ததாக சிஸ்டம் எடுத்துக்கொண்டது. தாமதத்தைக் குறைப்பதற்கான புது வசதி அது."

"அவர் இறந்துட்டாருங்க" என்றாள் முத்துமாரி.

கொஞ்ச நேரம் கீபோர்டு தட்டும் சத்தம்.

"இல்லைங்க மேடம். சார் ஆக்டிவ்வாக இருக்கிறார்."

முத்துமாரி லேப்டாப்பில் இருந்த நீலச் சட்டைப் போட்டோவைத் திரும்பிப் பார்த்தாள்.

கேட்டுக் கேட்டுத்தான் மிச்சம் புரிந்தது. அவர் இறந்தது பென்ஷன் சாஃப்ட்வேருக்குத் தெரியும். சம்பள சாஃப்ட்வேருக்குத் தெரியும். பிறப்பு இறப்புப் பதிவுக்குத் தெரியும். இந்த ஒப்புதல் சாஃப்ட்வேருக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. பாலத்தை வடிவமைத்தவர்கள், அண்ணன் திருப்பி அனுப்பிய அதே வரைபடத்தை ஒரு கோடுகூட மாற்றாமல் மறுபடி ஏற்றியிருக்கிறார்கள். ஆட்சேபம் சொன்னவரிடமே கோப்பு திரும்பிப் போக வேண்டும் என்பது விதி. போயிருக்கிறது.

அந்த இரண்டு வார்த்தை? ஒற்றை விரலால் டைப் அடிக்கிறவர் அண்ணன். அதனால் தன் வழக்கமான குறிப்பை அதில் சேமித்து வைத்திருக்கிறார். அவர் எதுவும் எழுதாதபோது சிஸ்டம் அதை எடுத்துப் போட்டுவிட்டது.

காரணம் தெரிந்தால் பயம் போய்விடும் என்பார்கள். எனக்குப் போகவில்லை. ஆவி என்றால்கூட ஏதோ மனக்குறையில் அலைகிறது என்று இரக்கப்படலாம். இது எந்தக் குறையும் இல்லாமல் அவர் பெயரில் 'சரி சரி' என்று சொல்லிக்கொண்டிருக்கிறது... அவருடைய வார்த்தையிலேயே.

"வாபஸ் வாங்க முடியாதா?" என்று கேட்டேன்.

"முடியும் மேடம். மூணு வேலை நாளுக்குள்ள. ஆனா அந்தப் பட்டன் ஒப்புதல் குடுத்தவங்க லாகின்லதான் வரும்" என்றாள் முத்துமாரி.

அதாவது, செத்தவர் வந்து வாங்க வேண்டும்.

மறுநாள் சனிக்கிழமை. அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று ஜெயசீலி பிடிவாதம் பிடித்தாள். முத்துமாரி தன் காரில் அழைத்துப் போனாள். குருவிகுளம் தாண்டியதும் ஒரே கரிசல் காடு. மழையை நம்பி விதைக்கிற பூமி. வெடித்துக் கிடந்தது. ஓடை என்று அவள் காட்டிய இடத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மணலும் சீமைக்கருவேலமும்தான்.

உள்ளே இறங்கி நின்றேன். அங்கே ஒரு பம்பு செட்டு ரூம். அதன் சுவரில் சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு. பக்கத்தில் அண்ணனின் கையெழுத்தில் 'வெள்ளம்' என்று ஒரே சொல்.

அந்தக் கோடு என் தலைக்கு மேலே இருந்தது. கையை நீட்டித்தான் தொட முடிந்தது.

காற்று இல்லை. ஒரு குருவிச் சத்தம் இல்லை. வறண்ட மணலில் நின்றுகொண்டிருக்கிறேன்... ஆனால் தண்ணீருக்கு அடியில் நிற்கிற மாதிரி இருந்தது. நான் சட்டென்று மேலே ஏறிவிட்டேன். சிரிக்காதீர்கள். நீங்களும் ஏறியிருப்பீர்கள்.

கரையில் சுண்ணாம்புக் கோடுகள். புத்தம் புதுசு. முத்துமாரி குனிந்து பார்த்தாள். "நேத்தே மார்க் பண்ணிட்டாங்க" என்றாள்.

ஒப்புதல் பதினொன்று இரண்டுக்கு வந்தது. கான்ட்ராக்டருக்கும் அதே நிமிடம் மெசேஜ் போயிருக்கும். வேகம் என்றால் இதுதான்.

பம்பு செட்டுக்குச் சொந்தக்காரர் மாடசாமி அண்ணாச்சி வந்தார். அறுபது வயதிருக்கும். முத்துமாரியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எதுக்குத் தாயி வந்திய? அதான் முடிச்சிட்டியள்லா."

"அண்ணாச்சி, கொஞ்சம் கேளுங்க..."

"என்னத்தக் கேக்க? எந் தம்பி இந்த ஓடையிலதான் வண்டியோட போனான். ரெண்டு நா கழிச்சு அங்கன முள்ளுக்காட்டுல கெடந்தான். இந்தச் செவுத்துல தண்ணி நின்ன எடத்த நாந்தான் ஒங்க சாருக்குக் காட்டுனேன். பெயிண்டு டப்பாவ நாந்தான் புடிச்சிக்கிட்டு நின்னேன். 'அஞ்சடிக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன் மாடசாமி'ன்னு எங்கையப் புடிச்சிச் சொன்னாரு. நேத்து கான்ட்ராக்டர் ஆளு சிரிக்கான்... ஒங்க ஞானராஜு சாருதான் போட்டிருக்காருங்கான். போன்ல காட்டுதான். அவரு படத்தோட!" அவர் குரல் உடைந்தது. "ஊரே அவர ஏசுது தாயி. நானும் ஏசுனேன். இப்பிடி ஒரு ஆளா அவருன்னு..."

ஜெயசீலி முன்னால் போய் நின்றாள்.

"அண்ணாச்சி, நான் அவுக வீட்டம்மா. அவுக எறந்து ஆறு மாசம் ஆவுது. ஒங்ககிட்ட அப்பிடிச் சொல்லிட்டு வந்த மறுநாளே."

மாடசாமி அண்ணாச்சிக்குப் புரிய நேரம் பிடித்தது. அவளைப் பார்த்தார். சுவரில் இருந்த சிவப்புக் கோட்டைப் பார்த்தார். தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"அப்பம்..." என்றார். "நேத்து கையெழுத்துப் போட்டது யாரு?"

நாங்கள் மூன்று படித்த பெண்கள் அங்கே நின்றிருந்தோம்.

திரும்பி வரும் வழியெல்லாம் ஜெயசீலி அந்தப் பாக்கெட் நோட்டையே புரட்டிக்கொண்டு வந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் ஒரே ஒரு வார்த்தை. "ஏசுதாங்களாமே."

பாலம் ஒரு பக்கம். கார்த்திகைக்குள் தூண் எழும்பிவிட்டால் அது நிற்கப்போகிற காலம் முழுக்க, ஒவ்வொரு மழையிலும், பள்ளிக்கூட வேனில் யாரோ ஒருவர் பிள்ளை. இன்னொரு பக்கம் அண்ணனின் பெயர். ஒரு மனிதர் இருபத்தெட்டு வருட வேலையில் சேர்த்துவைத்த ஒரே சொத்து அது.

அன்று மதியம்தான் அந்த யோசனை வந்தது. யாருக்கு? எனக்குத்தான். மறைப்பானேன்?

"போன் உங்கிட்டதான இருக்கு" என்றேன். "கடவுச்சொல் மறந்துட்டதுன்னு போட்டா ஓடிபி வரும். உள்ள போயி அந்தப் பட்டன அமுக்கிட்டு வந்துரலாம். அண்ணன் உயிரோட இருந்தா செய்திருக்கப்போறதுதான?"

எங்களோடு வீட்டுக்கு வந்திருந்த முத்துமாரி தயங்கினாள். வேலைக்கே உலை வைக்கும் காரியம். ஆனாலும் லேப்டாப்பைத் திறந்தாள். அண்ணனின் எண்ணைப் போட்டாள். ஃப்ரிட்ஜின் மேலிருந்த போன் அதிர்ந்தது.

ஜெயசீலி அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். ஆறு இலக்கம். லேப்டாப்பில் நொடிகள் குறைந்துகொண்டிருந்தன. அறுபது... ஐம்பது... அவள் உதடு அசைவதைப் பார்த்தேன். எண்ணைப் படிக்கிறாள் என்று நினைத்தேன். இல்லை, ஜெபம் செய்துகொண்டிருந்தாள்.

இருபது. பத்து.

"சொல்லுட்டீ!" என்று கத்தினேன்.

அவள் போனைக் கவிழ்த்து மடியில் வைத்தாள். நேரம் முடிந்தது.

"அவுக பேர்ல ஏற்கெனவே ஒரு பொய் இருக்கு" என்றாள். "எங்கையால இன்னொண்ணு வேண்டாம். நாளைக்கு நான் போட்டதும் வெளிய தெரிஞ்சா, மொதப் பொய்யையும் பொஞ்சாதிதான் போட்டாள்னு சொல்லுவாங்க. செத்தவுகளுக்குப் பதிலா நான் பேசக் கூடாது. செத்துட்டாகன்னு சொல்லலாம். அதுக்கு எனக்கு உரிமை இருக்கு."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து வந்து, நாலு பக்கம் கையால் எழுதினாள். கணக்கு டீச்சர் எழுத்து. வரி பிசகாமல் இருந்தது. இறப்புச் சான்றிதழ், நோட்டுப் பக்கத்தின் நகல், பம்பு செட்டுச் சுவரின் போட்டோ, எல்லாவற்றையும் இணைத்தாள். திங்கள்கிழமை தென்காசிக்குப் பஸ் ஏறினோம்.

மனு வாங்கும் இடத்தில் கூட்டம். ஒரு மேஜையில் மனுவை வாங்கி ஸ்கேன் பண்ணி, ஏதேதோ தட்டி, ஒரு எண் கொடுத்தார்கள். பிறகு உயர் அதிகாரி முன்னால் ஒரு நிமிடம். நாற்பது வயதுப் பெண். களைத்த முகம். "சம்பந்தப்பட்டவங்களுக்கு அனுப்பியாச்சும்மா. நடவடிக்கை எடுப்பாங்க" என்றார். குற்றம் சொல்ல முடியாது. எங்களுக்குப் பின்னால் எண்பது பேர் நின்றிருந்தார்கள்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கடையநல்லூரில் பஸ் நின்றிருந்தது. ஜெயசீலியின் கைப்பைக்குள் உறுமல்.

அவள் எடுத்துப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள்.

'திரு. ஞானராஜ் அவர்களுக்கு: தங்கள் நடவடிக்கைக்காக ஒரு மனு அனுப்பப்பட்டுள்ளது. மனுதாரர்: திருமதி ஜெயசீலி. பதினைந்து நாட்களுக்குள் பதில் அளிக்கவும்.'

புரிகிறதா? புருஷன் செத்துவிட்டான் என்று பெண்டாட்டி கொடுத்த மனு, நடவடிக்கைக்காகப் புருஷனிடமே போயிருக்கிறது! பதினைந்து நாள் கழித்து என்ன நடக்கும்? அவர் பதில் சொல்லாவிட்டால்...?

'பார்த்தேன். சரி.' மனு முடித்துவைக்கப்படும்.

ஜெயசீலி சிரிக்க ஆரம்பித்தாள். முன்சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள். "இருபத்தாறு வருசத்துல... நான் குடுத்த எந்தப் புகாருக்கும்... அவுக பதிலே சொன்னதில்ல ஏட்டி" என்றாள். அடுத்த நிமிடம் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அடக்கத்தன்றுகூட அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை.

பஸ் கிளம்ப இருந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"எறங்கு."

எதிர்ப்பக்கம் நின்ற தென்காசி பஸ்ஸில் ஏறினோம். கூட்டம் கலைந்திருந்தது. அந்த அதிகாரி கிளம்பத் தயாராகிக்கொண்டிருந்தார். ஜெயசீலி போனை அவர் மேஜையில் வைத்து, பக்கத்தில் இறப்புச் சான்றிதழை வைத்தாள்.

அவர் போனைப் படித்தார். சான்றிதழைப் படித்தார். மறுபடி போனை.

"இது... உங்க வீட்டுக்காரர் நம்பரா?"

"ஆமா மேடம்."

அவர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். அந்தப் போனைத் தொடாமல், ஒரு விரலால் கொஞ்சம் தள்ளி வைத்தார். அந்த ஒரு செய்கையில் எனக்குத் தெரிந்துவிட்டது... அவருக்கும் அந்த ஜில்லென்ற ஒன்று முதுகில் இறங்கிவிட்டது என்று.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. தலைமை இன்ஜினியருக்குப் போன். "சிஸ்டத்துல அப்புறம் பாத்துக்குங்க. இப்ப எனக்குத் தாள்ல வேணும்" என்றார். அன்று மாலையே, வேலையை நிறுத்தச் சொல்லி ஓர் ஆணை. உயிரோடு இருக்கும் ஒருவரின் கையெழுத்தோடு. செவ்வாய்க்கிழமை காலை முத்துமாரி அதை ஓடைக்கரைக்குக் கொண்டுபோனாள். ஊர்க்காரர்களைக் கூட்டி, சத்தமாக வாசித்துக் காட்டினாள். கடைசியில் ஆணையில் இல்லாத ஒரு வரியைத் தானாகச் சேர்த்துக்கொண்டாளாம்: "எங்க சார் இதுக்குக் கையெழுத்துப் போடல. போடமாட்டேன்னுதான் கடைசியா எழுதினாரு."

மாடசாமி அண்ணாச்சி எல்லார் முன்னாலும் கும்பிட்டாராம். யாரைப் பார்த்து என்று முத்துமாரிக்குத் தெரியவில்லை.

அதே வாரம் லாகினை முடக்கினார்கள். 'தங்கள் கணக்கு நிறுத்தப்பட்டது' என்று ஒரு கடைசி மெசேஜ். ஜெயசீலி அதை எனக்குப் படித்துக் காட்டினாள். போனில்தான். பிறகு விசைத்தறி மட்டும் கேட்டது.

"என்னட்டீ?"

"ஒண்ணுமில்ல. வெக்கமா இருக்கு சொல்ல... அந்தப் பதினஞ்சு நாளும் மெசேஜ் வந்துதுல்லா, எல்லாம் பிசகுன்னு எனக்கு நல்லாத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு தடவ அது அதிரும்போதும், யாரோ அவுகளத் தேடுதாங்கன்னு கொஞ்சம் நல்லாருந்துது."

நான் கம்ப்யூட்டருக்கு எதிரி இல்லை. இதைச் சொல்லியாக வேண்டும். ஞானராஜ் அண்ணனே அந்த சாஃப்ட்வேர் வந்தபோது எல்லாருக்கும் முன்னால் பழகிக்கொண்டவர். பீரோவில் கோப்பு தூங்கிய காலத்தில், ஒரு தண்ணீர்த் தொட்டிக்காக எட்டு மாதம் அலைந்த ஊர்க்காரர்களை அவருக்குத் தெரியும். 'இப்ப எவனும் கோப்ப ஒளிச்சு வைக்க முடியாது' என்று சந்தோஷப்படுவார். அது நிஜம். வேகம் வேண்டும்தான்.

ஆனால் எங்கோ ஓர் அறையில் யாரோ ஒரு முடிவு எடுத்திருக்கிறார்கள்... பதில் வராவிட்டால் 'சரி' என்று வைத்துக்கொள்ளலாம் என்று. ஏன் 'சரி'? பதில் வராவிட்டால் 'இல்லை' என்று ஏன் வைத்துக்கொள்ளவில்லை? குறைந்தபட்சம், 'என்ன ஆச்சு இவருக்கு?' என்று கேட்க ஏன் யாருக்கும் தோன்றவில்லை? ஒரு மனிதர் பதினைந்து நாள் வாய் திறக்கவில்லை என்றால், பக்கத்து வீட்டுக்காரர்கூடக் கதவைத் தட்டிப் பார்ப்பார்.

அப்புறம் என்ன ஆயிற்று? புது வரைபடம் வந்திருக்கிறது. பாலம் எட்டரை அடி. இந்த முறை பொறுப்பு அதிகாரியும் முத்துமாரியும் ஓடைக்குள் இறங்கி நின்று பார்த்துவிட்டுத்தான் ஒப்புதல் கொடுத்தார்கள். ஐப்பசியில் பெய்த மழையில் ஓடை இரண்டு நாள் ஓடியது. போன வாரம் தண்ணீர் வடிந்ததும் முத்துமாரி போய், பம்பு செட்டுச் சுவரில் ஈரம் நின்ற இடத்தை அளந்திருக்கிறாள்.

ஆறடி.

அந்தச் சேதியைக் கேட்டுத்தான் ஜெயசீலி என்னை எழுதச் சொன்னாள்.

நிற்க. எங்கள் பத்திரிகையிலும் இந்த மாதம் முதல் ஒரு புது சாஃப்ட்வேர். புதன்கிழமைக்குள் நான் ஓகே சொல்லாவிட்டால், நான் சொன்னதாக எடுத்துக்கொண்டு நான் எழுதும் இந்தப் பத்தி தானாக அச்சுக்குப் போய்விடுமாம். எடிட்டரை இன்று காலை அழைத்து ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தேன்.

"நான் பதில் போடலன்னா, அச்சடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு போன் அடிச்சு, நான்தான் எடுக்கிறேனான்னு பாத்துருங்க சார்."